இளகிய மண்

சிந்துஜன் எரிமலைத் தீவொன்றில் இறந்துபோனான். மண் மாதிரி எடுக்கப் போன இடத்தில் நிலம் அதிர்ந்தது. காலடியில் இருந்த ஈரச் சாம்பல் மண் கூழாகி அவனை உள்ளே இழுத்தது. அதிர்வு நின்றதும் மண் மறுபடி இறுகிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் அவன் அனுப்பியிருந்த மண் மட்டும் துன் நகரத்து ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கே வேலை செய்த அவன் மனைவி பிரபாலினி, "இதை நான்தான் சோதிப்பன்" என்று சொல்லிவிட்டாள். ஈர மண்ணைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, அதிர்வு மேசையில் வைத்து, இயந்திரத்தைப் போட்டாள். மண் இளகியது. கண்ணாடியின் உட்புறத்தில் நான்கு விரல் நுனிகள் வந்து ஒட்டின. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். மண் இறுகியது, விரல்களும் அசைவற்று நின்றன. மறுபடி போட்டாள். அவை மேலே ஊர்ந்தன.

"அக்கா, என்ன அது?" என்றாள் உடன் வேலை செய்யும் சஜீதா.

"அவர் மேல வாறார். மெஷினை நிப்பாட்டாதை."

பிரபாலினி முழங்கை வரை கையை மண்ணுக்குள் விட்டாள். ஒரு கை அவளுடைய கையைப் பற்றியது. அதில் சூடு இருந்தது. அவள் இழுக்க இழுக்க அதுவும் ஏறி வந்தது.

சஜீதா பயந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பிரபாலினியின் கையோடு சேர்த்து மண் அப்படியே இறுகியது. "போடு சஜீதா, திரும்பப் போடு" என்று அவள் கெஞ்சினாள். அவசர நிறுத்தம் மின்சாரத்தையே துண்டித்திருந்தது, மேசை அசையவில்லை.

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா" என்று சஜீதா ஓடினாள்.

இறுகிய மண்ணுக்குள், இரு கைகளுக்கும் இடையில் மிஞ்சிய சிறு இடைவெளியில், அந்த விரல்கள் பிரபாலினியின் கையை நெரித்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் இருந்தது.