அறுபது புள்ளி ஆட்டக்காரன்

"நூறு புள்ளியிலை அறுபதைத் தூக்கி ஒரே ஆளுக்குக் குடுத்தவனை என்னெண்டு சொல்லுறது?"

மைதானத்தின் ஓரத்தில், கையில் கடித்த ரோல்ஸ் பலகாரத்தோடு நின்று இரவீந்திரன் கேட்டார். காலையிலிருந்து அவர் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சுற்றி நின்றவர்கள் சலிக்காமல் சிரித்தார்கள்.

சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரத் தமிழர்களின் கோடைக் கால்பந்துச் சுற்று அது. நாலு அணிகள். முந்தின வருசம் ஓர் அணியின் பொறுப்பாளரான இதே இரவீந்திரன் பேர்ண் நகரிலிருந்து ஆறு பேரை இறக்கிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனதில் பெரிய சண்டை. அதனால் இந்த முறை சுற்றை நடத்தும் பொறுப்பைச் சிவகலாவிடம் கொடுத்திருந்தார்கள். இங்கேயே பிறந்த பிள்ளை, சட்டம் படிக்கிறவள்.

அவள் அமெரிக்கக்காரர்களின் முறையைக் கொண்டுவந்தாள். அணிக்கு நூறு புள்ளிதான் உச்சவரம்பு. முதலில், எந்த அணியையும் சேராத புதியவர்களுக்கு ஏலம். பிறகு மிச்சப் புள்ளியை வைத்துப் பழைய ஆட்டக்காரர்களை முறை போட்டுத் தெரிந்தெடுக்க வேண்டும். அணிப் பொறுப்பாளர்கள் நாலு பேரும் வீட்டிலிருந்தே அவளுக்கு ஃபோனில் ஏலம் கேட்டார்கள். அவள் தொகையை மட்டும் எல்லாருக்கும் அறிவிப்பாள். யார் கேட்டது என்று மூச்சுவிட மாட்டாள். ஒரு கோல் தகராறில் வருசக்கணக்காகக் கதைக்காமல் விட்ட மச்சான்மார் இருக்கிற ஊர் இது.

பழைய வழக்கம் ஒன்றை மட்டும் அவள் மாற்றவில்லை. புதியவனை எடுத்த பொறுப்பாளர்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனைக் காரில் கூட்டிவந்து, ஆட்டம் முடியத் தன் வீட்டில் சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும்.

அறுபது புள்ளிக்குப் போனவன் கீர்த்தனன். வந்து ஐந்து மாதம்தான். மேலே மலைக் கிராமத்தில் அகதிகளுக்கான விடுதியில் இருக்கிறான். பெயர் பதியும்போதே, தனக்குப் பந்தடிக்கத் தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும் என்று நாலு பொறுப்பாளருக்கும் முன்னால் சொன்னவன். அவனைத்தான் ரைன் அணிக்காகச் சிவநேசன் எடுத்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். மிச்சம் நாற்பது புள்ளிக்கு அவருக்குக் கிடைத்தவர்கள் எல்லாரும் தொப்பை வண்டி வைத்தவர்கள். குனிந்தால் பந்து தெரியாது.

கீர்த்தனன் சொன்னது பொய்யில்லை. நன்றாக ஓடினான். பந்து ஒரு பக்கம் போக அவன் மறுபக்கம் ஓடினான். அன்றைக்கு அவன் அடித்த ஒரே கோல் சொந்த வலைக்குள் போனது.

"அறுபது புள்ளி வேலை செய்யுது பாருங்கோ" என்றார் இரவீந்திரன். ரோல்ஸ் விற்ற பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

அது கீர்த்தனனுக்குக் கேட்டுவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் அவன் ஜேர்சியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, சிவநேசனின் கையில் கொடுத்தான்.

"அண்ணை, இனி நான் வரேல்லை. என்னாலை நீங்கள் பேச்சு வாங்கிறியள்."

சிவநேசன் ஜேர்சியைப் பிடித்தபடி நின்றார். அந்த விடுதியில் தமிழ் தெரிந்த ஒருத்தரும் இல்லை. பெடியன் வாய் திறந்து கதைக்கிறது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அதுவும் போனால் அவன் என்ன செய்வான்?

பக்கத்தில் நின்ற சிவகலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறென்று நடந்து இரவீந்திரனின் முன்னால் போய் நின்றாள்.

"இரவி மாமா, விதியை எழுதினது நான். இப்ப நானே அதை முறிக்கப் போறன். ஒராள் மட்டும் கேட்டிருந்தா கீர்த்தனன் ஒரு புள்ளியோடை போயிருப்பார். நாற்பது வரைக்கும் நாலு அணியும் கேட்டது. அதுக்கு மேலை ரெண்டு பேர்தான். ஐம்பத்தொன்பது வரைக்கும் விடாமல் கேட்டது நீங்கள்."

சிரிப்பு நின்றுவிட்டது. இரவீந்திரன் ரோல்ஸைப் பார்த்தார். அதில் அவருக்கு உதவி ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஓம், கேட்டனான்" என்றார் கடைசியில். "பெடியன் மேலை தனியக் கிடக்கிறான். ஞாயிறெண்டாலும் எங்கடை வீட்டிலை சோறு தின்னட்டும் எண்டு கேட்டனான். பந்துக்கோ கேட்டனான்? கிடைக்கேல்லை எண்ட எரிச்சல், வாய் சும்மா இருக்குதில்லை."

சிவநேசன் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அப்ப நான் என்ன, பந்துக்கோ எடுத்தனான்?"

முதலில் சிரித்தது கீர்த்தனன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். ஜேர்சியைத் திரும்ப வாங்கி, உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டான்.

இரவீந்திரன் கார்த் திறப்பைக் கையில் எடுத்துக் கிலுக்கினார். "ஏறும் தம்பி. மன்னிப்புச் சாப்பாடு. இண்டைக்கு எங்கடை வீட்டிலை."

"அறுபது குடுத்தது நான்" என்றார் சிவநேசன். "வீட்டிலை நண்டுக் கறி வச்சிருக்கு."

"எங்கடை வீட்டிலை இறால்."

சட்டம் படிக்கிற பிள்ளையைப் பார்த்தார்கள் இரண்டு பேரும். உச்சவரம்பு புள்ளிக்குத்தான், சோற்றுக்கு இல்லை என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

கீர்த்தனன் அன்று இரண்டு வீட்டிலும் சாப்பிட்டான். மற்ற இரண்டு பொறுப்பாளர்களும் அடுத்தடுத்த நாட்களில் வந்து தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு அவனுக்கு அந்த ஓட்டமும் வரவில்லை.