நீளக் குழல்

"குழல் நீளமா இருந்தா குண்டு வேகமாப் போகும், குட்டையா இருந்தா மெதுவாப் போகும். இதுல புரியாம என்ன இருக்கு, மாப்பிள்ளை?"

"மச்சான், உங்க தங்கச்சி அங்க வலியில துடிச்சிட்டிருக்கா. நீங்க துப்பாக்கிக் குழலை அளந்துக்கிட்டு வர்றீங்க."

பூணச்சா சிரித்தார். காப்பித் தோட்டத்துக்குள் மூடுபனி இறங்கியிருந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்களெல்லாம் பாதியில் காணாமல் போயிருந்தன. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியாத அந்த வெண்மைக்குள் இருவரும் ஆற்றை நோக்கி இறங்கினார்கள்.

தேச்சம்மாவுக்குத் தலைப்பிரசவம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். விடியற்காலையில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று நர்சம்மா சொல்லிவிட்டாள். மண் சரிந்து சாலை அடைபட்டுப் போய்விட்டது, போனும் செத்துக் கிடந்தது. அதனால்தான் அண்ணன்காரர் பூணச்சாவே நடந்து வந்து, தங்கை புருஷன் உத்தய்யாவைக் கையோடு அழைத்துப் போகிறார்.

வழி முழுக்கத் துப்பாக்கிப் பேச்சுதான். மனுஷனுக்கு வேறு பேச்சே வராது, குடகில் பாதிப் பேர் அப்படித்தான். உத்தய்யா மட்டும் விதிவிலக்கு. தேனீ வளர்ப்பான், வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான், அதற்காக மாமனார் வீட்டில் கிண்டலும் வாங்குவான்.

பூணச்சா விடவில்லை. மருந்து எரிந்து புகையாகிக் குண்டைத் தள்ளுமாம். நின்றுபோன ஜீப்பைத் தள்ளுகிறவன் எவ்வளவு தூரம் கூடவே ஓடுகிறானோ, அவ்வளவுக்கு அது வேகம் எடுக்கும். குழல் குட்டையானால் பாதித் தள்ளலிலேயே கை விட்டுப் போகும். மிச்ச மருந்து வெளியே வந்து வெட்டிச் சத்தம் போடும்.

உத்தய்யாவின் காது அதில் இல்லை, அக்கரையில் இருந்தது. ஆண் பிள்ளை பிறந்தால் வாசலில் ஒரு வெடி போடுவார்கள். சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு. பெண் பிறந்தால் துப்பாக்கி ஆணியிலேயே தொங்கும். 'எதுவும் கேக்காமப் போனாலும் சரி, இக்குத்தப்பா, ரெண்டு மட்டும் வேண்டாம்' என்று குலசாமியிடம் கெஞ்சிக்கொண்டே தொங்குபாலத்தில் கால் வைத்தான்.

பாலத்தின் நடுவில் வந்தபோது கேட்டது.

ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரத்தில் இன்னொன்று.

உத்தய்யாவின் கை கம்பியை விட்டது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. அவன் அதைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

"அவ இல்லாத கரைக்கு நான் எதுக்கு மச்சான் வரணும்?"

பூணச்சா ஒரே எட்டில் அவனை நெருங்கினார். பிறகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உரக்கச் சிரித்தார்.

"அட அசடே, அது ஒரே வெடி. எங்க வீட்டுத் துப்பாக்கி நீளக் குழல். குண்டு சத்தத்தை முந்திக்கிட்டு வரும். அப்பா ஆத்தைப் பாத்துத்தானே சுடுவாரு? முதல்ல கேட்டது, குண்டு நம்ம தலைக்கு மேல காத்தைக் கிழிச்ச சத்தம். பின்னாடி வந்ததுதான் துப்பாக்கிச் சத்தம். குட்டைக் குழலா இருந்தா குண்டு முந்தாது, ஒரு வெடிக்கு ஒரு சத்தம்தான். காலையிலேருந்து இதைத்தான் உனக்குப் பாடம் எடுத்துட்டு வர்றேன்."

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேட்டுச்சே."

"பனியில எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும். நட, மகனைப் பாக்க வேண்டாமா?"

மகன். அந்த ஒரு வார்த்தையில் உத்தய்யாவுக்கு உயிர் திரும்பியது. பலகை வழுக்கியது, பாலம் ஊஞ்சலாடியது, அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மேகத்தின் மேல் நடக்கிற மாதிரி நடந்தான். பிள்ளைக்குத் தாத்தா பெயரான மொண்ணப்பா என்றே வைக்கலாம் என்றான். துப்பாக்கி பழகினாலும் பழகட்டும், தான் தடுக்கப் போவதில்லை என்றான். தேச்சம்மா இந்நேரம் தூங்குவாள், எழுப்பக் கூடாது, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றான். பூணச்சா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டபடி, சட்டையை விடாமல் பின்னாலேயே வந்தார்.

கரையேறியதும் வேலியோரத்தில் ஒரு ஆமணக்குத் தண்டை ஒடித்துக்கொண்டான் உத்தய்யா. குடகு வழக்கப்படி, பிறந்த மகன் கையில் வைக்க ஆமணக்கு வில் செய்ய வேண்டுமே. தண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சரிவில் ஓடிப் பனிக்குள் கரைந்தான்.

"மச்சான், சீக்கிரம் வாங்க" என்று குரல் மட்டும் வந்தது.

பூணச்சா வரவில்லை. மாப்பிள்ளை பாலத்தைத் தாண்டிவிட்டான், இனி அவர் அழலாம். ஈரப் பாறையில் உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, தங்கைக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வாய் துருப்பிடித்துக் கிடந்த அந்த வீட்டுத் துப்பாக்கியின் குழலை, போன மழைக்காலத்தில் ஒரு முழம் அறுத்துக் குட்டையாக்கியதே அவர்தான்.