நாலு விரல் கீழே

மீன்தொட்டியில் குழாயைப் போட்டுவிட்டு மறந்துபோகிற வீடு அது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிவதே வாடிக்கையாகிவிட்டது. அதனால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை போட்டு வடிகுழாய் மாட்டுவதென்று முடிவாகி, மீன்களையும் கூழாங்கற்களையும் வாளிக்கு மாற்றிவிட்டு டிரில்லைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

கண்ணாடித் தொட்டிக்கு மனசே ஆறவில்லை. "ஒரு கீறல்கூட இல்லாத உடம்புங்க இது. போட்டுத்தான் ஆகணும்னா, யார் கண்ணிலயும் படாம அடியில போட்டுடுங்க."

"அடியில போட்டா மொத்தத் தண்ணியும் போயிடும். மீன் எங்கே நீந்தும்?" என்றது டிரில்.

"அப்போ விளிம்பை ஒட்டிப் போடுங்க. நான் தளும்பத் தளும்ப நிக்கணும்."

"விளிம்புல கை வச்சா விரிசல் விட்டுடும். பின்பக்கம், நாலு விரல் கீழே. அதுதான் சரி."

"நாலு விரலா? அரைகுறைத் தொட்டின்னு பேச மாட்டாங்களா?" தொட்டி அழாத குறை. இத்தனை வருஷமாகத் தன்னைச் சுமக்கும் மர மேசையை வழக்குக்கு இழுத்தது. "நீயே சொல்லு. வழிஞ்சா வழிஞ்சுட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"



"எனக்குப் பழகிடுச்சு," என்றது மேசை.

கற்கள் இல்லாத அடிக்கண்ணாடி வழியே தொட்டி முதன்முறையாகக் கீழே பார்த்தது. பலகை ஊறி உப்பியிருந்தது. ஓரமெல்லாம் ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. ஒரு கால் கறுத்துப்போய், தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது.

தொட்டி மெல்ல டிரில் பக்கம் திரும்பியது.

"நாலு விரல் போதுமாங்க? இன்னும் கொஞ்சம் கீழே போட்டாலும் பரவாயில்லை."