தேதித் திருத்தம்

கோடைப் பயிற்சிக்கு டிசைன் கடையில் சேர்ந்த கல்லூரி மாணவி ஜுமானாவுக்குக் கிடைத்ததெல்லாம் இரங்கல் சுவரொட்டி வேலைதான். பெய்ரூட்டில் யார் செத்தாலும் அன்றே தெருச் சுவரில் பெயர் ஏறிவிடும்.

"தப்பு இருந்தா என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காத, நீயே திருத்திடு," என்று முதல் நாளே சொல்லிவிட்டார் முதலாளி நதீம்.

செவ்வாய் காலை ஒருவர் படமும் விவரத் தாளும் கொடுத்தார்.

"என் பங்காளி. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அவர் போன பிறகுதான் ஜுமானா தாளைப் படித்தாள். பதினேழாம் தேதி, வியாழக்கிழமை காலமானார் என்றிருந்தது. இன்று பதினைந்துதான். துக்கத்தில் மனுஷனுக்குத் தேதிகூட மறந்துவிட்டது, பாவம். செவ்வாய் என்று மாற்றி, கறுப்புக் கரை கட்டி, உடனே அச்சுக்கு அனுப்பினாள்.

மதியம் அவர் வேலை எதுவரை வந்தது என்று பார்க்க உள்ளே வந்தார். மேசைமேல் கிடந்த அச்சுப் பிரதியைக் கையில் எடுத்தார்.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"வியாழன் இன்னும் வரவே இல்லையே அண்ணே. அடக்கத்துக்கு ஆள் வரணுமேன்னு நாங்களே ஒட்டியும் விட்டுட்டோம்."

"எங்க?"

"அவர் வீட்டுத் தெரு முழுக்க."

வந்தவர் கோபப்படவில்லை. கைப்பேசியை எடுத்தார்.

"வியாழன் வரைக்கும் வேணாம்டா. அவன் வீட்டுக்கு வந்து அதைப் படிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க."