தெளிவா எழுது

"தெளிவா எழுதும்மான்னா உனக்கு என்ன கஷ்டம்?"

மேனேஜர் ஜெயப்பிரகாஷ் மேசையைத் தட்டினார். எதிரே சகாய பிரியா லேப்டாப்போடு நின்றாள்.

கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் அந்தக் கம்பெனி, கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இறால் பண்ணைகளில் மோட்டார் பழுது பார்க்கிறது. யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் ஒரு சாஃப்ட்வேரில் இருக்கும். போன மாதம் அதில் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் சேர்த்தார்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்க அதற்கு ஒரு டூல், கணக்குக் காட்ட ஒரு டூல். எந்த டூல் என்ன செய்யும் என்று ஒரு டிஸ்கிரிப்ஷன் எழுதி வைத்தால், ஏஜென்ட் அதைப் படித்து அதன்படி நடக்கும்.

எழுதும் பொறுப்பு பிரியாவுக்கு. குறை சொல்லும் பொறுப்பை ஜெயப்பிரகாஷ் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"'யார் எத்தனை வேலை முடித்தார் என்று காட்டும்.' இதெல்லாம் ஒரு டிஸ்கிரிப்ஷனா? முடிச்சவருன்னா யாரு? வேலை யார் பேர்ல இருக்கோ அவரா, நேர்ல போயி செஞ்சவரா? காலையில ஒண்ணு சொல்லுது, மத்தியானம் வேற சொல்லுது!"

"வேலை யார் பேர்ல இருக்கோ அவரையே காட்டட்டும் சார். அதுதான் நல்லது."

"யாருக்கு நல்லது? கண்ணாயிரத்தைக் காப்பாத்தப் பாக்கறியா?"

பிரியா லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தாள்.

சிதம்பரத்திலிருந்து முதலாளி சபாபதி சாயங்காலம் வருகிறார். ஒரு ஆளைக் குறைத்தே ஆக வேண்டுமாம். யார் அந்த ஆள் என்று ஜெயப்பிரகாஷ் முன்பே முடிவுசெய்துவிட்டார். சீனியர் சூப்பர்வைசர் கண்ணாயிரம். ஐம்பதைத் தாண்டியவர், இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவர். அவர் பேரில்தான் ஏகப்பட்ட வேலைகள் பாக்கி. மேனேஜர் என்றாலும் ஜெயப்பிரகாஷ் பேரிலும் பண்ணை வேலைகள் உண்டு; அதில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. இதை அவர் வாட்ச்மேனிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"அந்தாளு பேர்ல முடிஞ்சதே கம்மி. அதையும் பசங்கள அனுப்பித்தான் முடிச்சிருப்பாரு. நான் சொல்றேன், எழுது. 'வேலை யார் பெயரில் இருந்தாலும், பண்ணைக்கு நேரில் போய்த் தன் போனிலிருந்து போட்டோ அனுப்பியவர்தான் முடித்தவர். வேறு யார் கணக்கிலும் அதைச் சேர்க்கக் கூடாது.' மெஷினுக்கு ஊட்டிவுடற மாதிரி சொல்லணும்மா. நீயா புரிஞ்சிக்கோன்னு வுட்டா எப்புடி?"

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் பிரியாவுக்குச் சொன்ன மொத்த விளக்கமே 'பாத்துப் பண்ணும்மா' என்பதுதான்.

"கண்டிப்பா இப்புடியே போடணுமா சார்?"

"போடு."

போட்டாள்.

சபாபதி வந்தார். காபி வந்தது. ஜெயப்பிரகாஷ் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

"நான் ஒருத்தரைச் சொன்னா ஏதோ மனசுல வச்சிக்கிட்டு சொல்றேன்னு ஆயிடும் சார். மெஷின்கிட்டயே கேப்போம். அதுக்குச் சொந்தமா, பந்தமா?"

"கேளுய்யா."

ஜெயப்பிரகாஷ் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி டைப் செய்தார். 'பண்ணைக்கு நேரில் போக வேண்டியவர்களில், இந்த வருஷம் ஒரு வேலைகூட முடிக்காதவர் யார்?'

ஏஜென்ட் யோசிக்கவே இல்லை.

'ஜெயப்பிரகாஷ். அவர் பெயரில் உள்ள வேலைகள் அனைத்தையும் முடித்தவர் கண்ணாயிரம்.'

ஜெயப்பிரகாஷ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டிஸ்கிரிப்ஷன் தப்பு சார்! இந்தப் பொண்ணுக்குத் தெளிவா எழுதவே வராது. நான் அப்பயே சொன்னேன்."

சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிஸ்கிரிப்ஷனைத் திறக்கச் சொல்லி, வாய்விட்டுப் படித்தார்.

"நல்லாத் தெளிவாத்தானேய்யா இருக்கு. யாரும்மா எழுதச் சொன்னது?"

"சார்தான் சார்" என்றாள் பிரியா.

"அப்ப கண்ணாயிரம் வேலை பாக்கி நிக்கறது இதனாலயா?"

"ஆமா சார். ரெண்டு பேரு வேலையையும் ஒருத்தரே பாத்தா நிக்கத்தானே செய்யும்?"

"தெரிஞ்சுமா இத்தினி நாளு சும்மா இருந்த?"

"கண்ணாயிரம் அண்ணன்தான் சொல்லவேணாம்னாரு சார். சார் ஊட்டு மேடத்த அப்ப ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. இந்த நேரத்துல சாருக்கு வேலை போயிட்டா குடும்பம் என்னாவறதுன்னு, யாருக்கும் சொல்லாம அவரே எல்லாப் பண்ணைக்கும் போக ஆரம்பிச்சாரு."

சபாபதியின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினார்.

"அடடா, ஊட்டுல இப்ப எப்புடி இருக்காங்க?"

பிரியாதான் சொன்னாள்.

"நல்லா இருக்காங்க சார், குணமாகி ஊட்டுக்கு வந்து எட்டு மாசமாச்சு. நம்ம வேலைய யாரு பாக்கறாங்கன்னு சார் ஒருநாளாவது கேப்பாரு, அப்ப நிறுத்திக்கலாம்னு அண்ணன் இன்னும் போயிக்கிட்டுத்தான் இருக்காரு."