ஏழாம் நம்பர் ஜாக்கெட்

"திருநெல்வேலியில பெரிய கடையில எடுத்தது. மூவாயிரம் ரூவா" என்று பெண்ணின் அம்மா ராஜகுமாரி கூசாமல் சொன்னாள். பெண் பார்க்க வந்த இசக்கித்தாயின் கண், பெண் போட்டிருந்த அரக்கு நிற ஜாக்கெட்டை விட்டு நகரவே இல்லை.

"அம்மாடி! எம் மவன் சட்டைக்கும் மதுரையில அம்புட்டுதான் குடுத்தோம்" என்றாள் அவளும், விட்டுக்கொடுக்காமல்.

பெண் பொன்செல்வி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த ஜாக்கெட், போன வாரம் வரை அண்ணன் மாரிராஜின் கபடி டி-ஷர்ட். நம்பர் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டு வெட்டி, பின்கழுத்தில் முடிச்சு வைத்து அவளே தைத்தது. சங்கரன்கோவிலில் காலேஜ் போகிற பிள்ளைகள் பழைய டி-ஷர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

அந்தக் கைத்திறமையே வினையாகிவிட்டது. "பழசை வெட்டித் தைச்சுப் போடுத வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று முன்பு பெண் பார்க்க வந்த மேலநீலிதநல்லூர்க்காரர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். இன்று காலை பட்டு ஜாக்கெட் கை நுழையாமல் சண்டித்தனம் பண்ணியதால்தான் இதைப் போட வேண்டியதாயிற்று. வாசலில் நின்ற மாரிராஜ் தன் டி-ஷர்ட்டை முறைத்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை சுந்தரராஜ் தலையைக் குனிந்து கேசரி தின்றான். சட்டைக் கை ஓரத்தில் பொடிப்பொடியாக மாங்காய் டிசைன் போட்ட கரை, ஆளுக்கு எடுப்பாக இருந்தது. "கல்யாணத்துக்குப் பெறவும் தையல விட்டுராதீங்க" என்று அவன் சொன்னதும் பொன்செல்விக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

"எங்களுக்குத் திருப்தி. பூ வச்சிருதேன்" என்று இசக்கித்தாய் பிச்சிப்பூச் சரத்தோடு எழுந்து வந்தாள்.

பொன்செல்வி குனிந்தாள். பூ வைக்க வந்த விரலில் ஜாக்கெட்டின் முடிச்சு மாட்டி அவிழ்ந்தது. பின்கழுத்து மடிந்து விழ, உள்ளே இருந்த ஏழாம் நம்பர் வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்த்தது.

இசக்கித்தாயின் கை அப்படியே நின்றது. ராஜகுமாரியின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று பொன்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாரு தைச்சது?" காதோரம் கேட்டாள் இசக்கித்தாய்.

"நான்தான் அத்தை. அண்ணன் டி-ஷர்ட்டு... மன்னிச்சிருங்க."

இசக்கித்தாய் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். பூவை அழுத்திச் செருகினாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"ஏட்டி, எம் மவன் போட்டிருக்கது என் பழைய சேலையில தைச்சது. ஒங்க அம்மைட்ட சொல்லிராத."