ஒரு வீட்டு வெள்ளம்

அந்த மழையில் தெரு முழுக்க நனைந்ததோடு சரி. வெள்ளம் புகுந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அதுவும் யார் வீட்டில்? வாராவாரம் பிரார்த்தனைக் கூட்டம் நடத்துகிற ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில்!

ரிட்டயர் ஆகி ஆறு வருஷமானாலும் தெருவுக்கு அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான். போன வாரக் கூட்டத்தில்தான், ஆற்றோர ஊர்கள் மூழ்கிய செய்தியைப் பேப்பரில் காட்டித் தொண்டை கட்டும்வரை பேசியிருந்தார்.

"வெள்ளமும் வியாதியும் சும்மா வராது. தப்புப் பண்ணினவன் வீட்டைத் தேடித்தான் வரும். ஆண்டவனுக்கு விலாசம் தெரியும்!"

இப்போது கூடத்தில் முழங்கால் தண்ணீர். ஸ்டேஷன் மாஸ்டர் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன பாவம் பண்ணினேன்னே தெரியலையே!"

"அதை அப்புறம் யோசிக்கலாம். இறங்கி வந்து வாளியைப் பிடிங்க" என்றாள் மனைவி.

"சர்வீஸ்ல இருந்தப்ப, வண்டி வர்ற நேரத்துல ஒரு தடவை தூங்கிட்டேன்..."

"ஒரு தடவையா?"



பத்து மணிக்குக் கூட்டத்துக்காரர்கள் ஐந்து பேர் வாசலுக்கு வந்தார்கள். தண்ணீர் இறைக்க அல்ல, விசாரிக்க.

"என்ன சார், உங்க வீட்டுக்கு மட்டும்?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். 'மட்டும்' கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"பள்ளமான இடம்..."

"போன வருஷ மழைக்கும் இதே பள்ளம்தானே சார்? அப்ப வரலையே!"

டைப்பிஸ்ட் அம்மா குரலைத் தாழ்த்தினார். "நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கலை சார். மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. பாரம் குறையும்."

"ஒண்ணும் இல்லைம்மா!"

"இல்லைன்னா சரி. அடுத்த வாரக் கூட்டத்தை எங்க வீட்லயே வச்சுக்கறோம். நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

முப்பது வருஷம் ரயில்களுக்கே சிவப்புக் கொடி காட்டியவர் அவர். இன்றைக்கு அவருக்கே காட்டிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு முகம் செத்துப்போனது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் உள்ளிருந்து வந்தார். சாமி இல்லை என்று சொல்கிற ஆள். கூட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. விடிந்ததிலிருந்து தன் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்துத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், மன்னிச்சுடுங்க. தப்பு என்னுதுதான். வீட்டுப் பின்னாடி பழைய ஃபிரிட்ஜ் பெட்டிங்களைக் குவிச்சு வச்சிருக்கேன். அது தண்ணி போற வழியை அடைச்சுடுச்சு போல. அதான் உங்க பக்கம் திரும்பிடுச்சு."



"அதானே பார்த்தேன்!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "சார் வீட்டுக்கு எதுக்கு வரப்போகுது? பக்கத்து வீட்டுப் பாவம் சுவர் ஏறிக் குதிச்சிருக்கு!"

ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டிலிலிருந்து தண்ணீரில் தொப்பென்று குதித்தார்.

"ஏன்யா, சாமி இல்லை, பூதம் இல்லைன்னு திரியறியே, இப்ப பார்த்தியா? உன் வினை என் கட்டில்வரைக்கும் வந்துடுச்சு!"

"ஆமா சார்" என்றார் மெக்கானிக். மோட்டார் குழாயை அடுத்த அறைக்கு நகர்த்தப் போய்விட்டார்.

அடுத்த வாரக் கூட்டம் வழக்கம்போல ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலேயே நடந்தது. நல்லவர்களைத் தாக்கும் அயலார் பாவம் என்பது பற்றி ஒன்றரை மணி நேரம் வெளுத்து வாங்கினார்.

அதே நேரத்தில் மெக்கானிக் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, வெள்ளத்தில் நனைந்த ஃபிரிட்ஜைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவிக்குக் கூச்சமாக இருந்தது. காபியை நீட்டினாள். "அவர் பேசறதை மனசுல வச்சுக்காதீங்க தம்பி."

"ஒரு ஸ்குரூவைத் தேடிக்கிட்டிருந்தேங்க்கா. எதுவும் காதுல விழலை."

கடைசியில் எல்லோரும் கண்ணை மூடி, மெக்கானிக்குக்கு நல்ல புத்தி வர வேண்டுமென்று உருக்கமாகப் பிரார்த்தித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியான வெயிலில், நகராட்சிக்காரர் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசலில் மழைநீர்க் கால்வாய் மூடியைத் திறந்து கொக்கியை உள்ளே விட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இங்கே எதுக்குப்பா? அடைப்பு பக்கத்து வீட்டுப் பின்னாடி."

"அந்தப் பக்கம் கால்வாயே கிடையாதே சார்!"

கொக்கியில் ஊறி உப்பிய காகிதக் கட்டு ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. மொத்தம் ஏழு கட்டு.

போன மாதம் ஸ்டேஷன் மாஸ்டரே, பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வராமல், ஓடுகிற தண்ணீரோடு போகட்டும் என்று கால்வாயில் இறக்கிவிட்ட, மிஞ்சிப்போன கூட்டத்து நோட்டீஸ். மை கரைந்தும் தலைப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது: 'வெள்ளம் எதனால் வருகிறது?'

ஸ்டேஷன் மாஸ்டர் தெருவை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். ஒரு ஈ, காக்கைகூட இல்லை.

"யாருப்பா உன்னை வரச் சொன்னது?"

"மெக்கானிக்தான் சார். மழை பெய்ஞ்ச அன்னிக்கு விடியக்காலையிலேயே கம்பி விட்டு, உள்ளே என்ன அடைச்சிருக்குன்னு பார்த்துட்டாராம். நான் அன்னிக்கே எடுத்திருப்பேன். அவர்தான், 'திரும்ப மழை வந்தா நான் மோட்டார் போட்டுக்கறேன், கூட்டத்துக்காரங்க கண்ணுல படாத நேரமாப் பார்த்துப் போய் எடு'ன்னு இத்தனை நாளா என்னை நிறுத்தி வச்சிருந்தாரு!"